நண்டுக்கு நோய் பார்க்கிற மாப்பிள்ளை

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் புறப்பட்ட லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கைக்குச் சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. கரை இறங்கியதும் தகப்பனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் பேச்சில் தெரிந்தது.

“அரசாங்க வேலைதான். ஆனா மாப்பிள்ளை நண்டுக்கு நோய் பாக்கிறவராம்,” என்றாள் அக்கா.

“தெரியும். எங்கடை கடலிலை நண்டு பிடிச்சு, அளந்து, நோய் இருக்கோ எண்டு பாத்து, திரும்ப விடுறவர்.”

“பிடிச்ச நண்டை விடுற மனுசன் உனக்குக் கறிக்கு என்னத்தைக் கொண்டருவார்?”

தங்கை சிரிக்கவில்லை. “போன வருசம் நண்டெல்லாம் செத்துக் கரை ஒதுங்கேக்கை எங்கடை ஐயா வலையைச் சுருட்டி வைச்சிட்டு யோசிச்சுக்கொண்டு இருந்தவரெல்லே? அப்ப வந்து பாத்தது இவர்தான்.”

“நோய் வந்த நண்டை எப்பிடிக் கண்டுபிடிக்கிறதாம்?”

“அது தின்னாதாம், அசையாதாம். ஒரு மூலையிலை சும்மா கிடக்குமாம்.”

“அப்ப என்ரை மனுசனையும் ஒருக்கா அவரிட்டைக் காட்டவேணும்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு தங்கை குரலைச் சற்றுத் தணித்தாள்.

“அண்டைக்கு ஒரு நண்டு அவரின்ரை விரலைக் கவ்விப் பிடிச்சிட்டுது அக்கா. ரத்தம் வடிஞ்சது. அப்பவும் அவர் அதை உதறி எறியேல்லை. கையைத் தண்ணிக்குள்ளை வைச்சு, அது தானா விடுமட்டும் பொறுத்துக்கொண்டு நிண்டவர்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப உன்னோடையும் காலம் தள்ளுவார். ஐயாவிட்டை நான் சொல்லுறன்.”