கிளிப்புக்கு நேரே ஒரு கேள்விக்குறி

சோலை: கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவ உள்ள முட்டுற வரைக்கும் விட்டு, ஒண்ணரைச் சுத்து வெளிய எடுத்தாச்சுண்ணே. இருங்க, எழுதிக்கிறேன்.

அழகுபாண்டி: ஸ்க்ரூவத் திருப்புனதுக்கெல்லாம் நோட்டாடா? ரேஷன் கடைக்காரன்கூட இம்புட்டு எழுத மாட்டான்.

சோலை: எழுதலைன்னா மனசு நிக்காதுண்ணே.

அழகுபாண்டி: எங்கிட்ட வேலை பாத்தப்ப இந்தப் பழக்கம் இல்லையே.

சோலை: சிவனாண்டி அய்யா வேன் எரிஞ்சதுல இருந்துதான். பெட்ரோல் ஹோஸ் கிளிப்ப டைட் பண்ணேனா இல்லையான்னு... இன்னும் தெரியலையே.

அழகுபாண்டி: அது முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணு.

சோலை: இந்தா...

அழகுபாண்டி: ம். ஆறு சிலிண்டர்ல ஒண்ணு நொண்டுது. ஏன்டா, உங்க முதலாளிக்கு வேற வண்டியே கிடைக்கலையா? மிலிட்டரிக்காரனே போதும்னு ஏலம் விட்ட ஜோங்கா ஜீப்பு இது.

சோலை: ஜெயக்கொடி அண்ணனுக்கு இதுதான் பிடிக்கும். கீழக்குயில்குடில வாழைத்தார் ஏத்திப் பரவை மார்க்கெட் போறதுக்குள்ள பெட்ரோலாக் குடிக்குது. மேட்டுல மிதிச்சா மூச்சு அடைக்குது.

அழகுபாண்டி: காளவாசல்ல எம்புட்டு மெக்கானிக் இருக்கான். ரெண்டு வருசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவன் எங்கிட்ட எதுக்கு வந்த?

சோலை: ரெண்டு பேரல் கார்ப்பரேட்டருக்கு உங்களை விட்டா யாருண்ணே...

அழகுபாண்டி: ஐஸ் வைக்காத. இதென்ன, பானட் கம்பியில மஞ்சப்பையத் தொங்க விட்ருக்க? குனிஞ்சா மூஞ்சில இடிக்குது.

சோலை: வீட்டுக்கு மல்லிப்பூண்ணே. சீட்டுல வச்சா நசுங்கிரும்.

அழகுபாண்டி: அதானே பாத்தேன். குனிஞ்சதுல இருந்து வாசம் தூக்குது. பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசமா மாப்ள?

சோலை: ...ம்.

அழகுபாண்டி: என்ன, ம்?

சோலை: ஒண்ணுமில்லண்ணே. கால் சுத்து உள்ள விடவா?

அழகுபாண்டி: இரு. முதல்ல ஐட்லிங் வேகத்தக் குறை... போதும். ரெண்டாவது பேரலத் தொட்டியா?

சோலை: தொடல. அது மேட்டுல நல்லா மிதிச்சாத்தான தெறக்கும். முதல் பேரலச் சரி பண்ணிட்டுப் போவோம்.

அழகுபாண்டி: மறக்கல நீ. சரி, பின்னாடி போய் சைலன்சர மோந்து பாரு. எரியாத பச்சைப் பெட்ரோலா அடிக்குதான்னு சொல்லு.

சோலை: நீங்க பாருங்களேன். முன்னெல்லாம் மண்டி போட்டு நீங்கதான பாப்பீங்க. மூக்குதான்டா என் மீட்டருன்னு...

அழகுபாண்டி: முட்டி வலி. போய்ப் பாருடா.

சோலை: ...அடிக்குதுண்ணே. கண்ணு எரியுது.

அழகுபாண்டி: அப்ப கால் சுத்து உள்ள. மெதுவா. எஞ்சின் சொல்றதக் கேட்டுக்கிட்டே விடு.

சோலை: ஒண்ணே கால். எழுதிக்கிறேன்.

அழகுபாண்டி: எழுது, எழுது. அந்தா டீ வருது. வாப்பா சோணை, உள்ள கொண்டா.

சோணை: ரெண்டு டீ... ஏப்பா, என்னப்பா இங்க இப்பிடி...

சோலை: வச்சிட்டுப் போங்க சோணையண்ணே. கிளாஸ நான் கொண்டாந்து தாரேன்.

சோணை: இல்லப்பா, குடலப் பெரட்டுது. எப்பிடித்தான் நிக்கிறீங்களோ ரெண்டு பேரும்.

சோலை: சைலன்சர் புகைண்ணே. டியூன் பண்ணுனா சரியாப் போயிரும்.

சோணை: புகையா இது? என்னமோ போங்க. நான் வாரேன்.

அழகுபாண்டி: இவன் ஒருத்தன். டீக்கடை அடுப்புப் புகையில நிப்பான், வண்டிப் புகை மட்டும் ஆகாது. இப்ப எப்பிடி இருக்கு, மோந்து பாரு.

சோலை: கொறைஞ்சிருக்கு. இன்னும் லேசா அடிக்குது.

அழகுபாண்டி: அரைக்கால் சுத்து விடு. ...ம். ம்... கேட்டியா? நொண்டுனது இப்ப சேந்துக்கிருச்சு. ஆறும் ஒண்ணா ஓடுது.

சோலை: பரவை மார்க்கெட்ல சிவனாண்டி அய்யாவப் பாத்தேண்ணே.

அழகுபாண்டி: ...கை எப்பிடி இருக்கு?

சோலை: வலது கையில மூணு விரல் மடங்கல. என்னையப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்.

அழகுபாண்டி: அத எதுக்கு இப்ப...

சோலை: கிளிப்ப சோலை டைட் பண்ணலைன்னு நீங்கதாண்ணே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் தலையாட்டிட்டுப் போயிட்டேன். ஆனா என் கைக்கு ஞாபகம் இருக்கு. திருப்புளி கடைசியில இறுகி நின்னுச்சு. அப்புறம் தோணுது, அது அந்த வேன்தானா, இல்ல அதுக்கு முந்துன நாள் பாத்த வண்டியான்னு. எங்கயாவது போயிட்டிருப்பேன், வண்டிய ஓரங்கட்டிட்டு யோசிப்பேன். ஒரு மனுசன் கைய எரிச்சவனா நானு, இல்லையா?

அழகுபாண்டி: டீ ஆறுது. குடி.

சோலை: குடிக்கிறேன்.

அழகுபாண்டி: ரெண்டாவது பேரலப் பாத்துருவோம். அந்த லிங்க் கம்பிய அமுக்கு... பாத்தியா, பிசின் மாதிரி ஒட்டிப் போயி பாதியிலயே நிக்குது. அதான் மேட்டுல அடைக்குது. துணியக் குடு, நானே துடைக்கிறேன்.

சோலை: இந்தாங்க.

அழகுபாண்டி: இப்ப மிதி. நல்லா மிதி... விடு. திரும்ப மிதி.

சோலை: அடைக்கலண்ணே.

அழகுபாண்டி: அம்புட்டுத்தான். நிறுத்து. உங்க முதலாளிகிட்ட சொல்லு, இனி மேட்டுல முனகாது. பூவ எடுத்துக்க, சூட்டுல வாடியிருக்கும்.

சோலை: நீங்களே எடுத்துப் பிரிச்சுப் பாருங்கண்ணே.

அழகுபாண்டி: எதுக்கு... என்னடா இது?

சோலை: நெத்திலிக் கருவாடு. பரவையில வாங்குனேன். ஒரு மணி நேரமா எஞ்சின் சூட்டுல உங்க மூக்குக்கு நேரா தொங்குது. மல்லின்னு சொன்னேன். வாசம் தூக்குதுன்னீங்க.

அழகுபாண்டி: என்னைய வேவு பாக்கவா வந்த?

சோலை: வண்டி பெட்ரோல் குடிச்சது நெசம்ணே, அது பொய்யில்ல. போன மாசம் உங்க கடை வாசல்ல சாக்கடை உடைஞ்சு ஓடுச்சுல்ல. பஸ்ல போற நாங்க பூராம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போறோம். நீங்க மட்டும் அது பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்குத்தான் தோணுச்சு. அப்பவும் சந்தேகம்தான். அதான் கருவாடு.

அழகுபாண்டி: ...கொரோனா வந்துச்சுல்ல எனக்கு. அதுல போனது. எல்லாருக்கும் ஒரு மாசத்துல திரும்பிருச்சு. எனக்கு வரல.

சோலை: வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?

அழகுபாண்டி: தெரியாது. ரசம் மணக்குது, குழம்பு மணக்குதுன்னு அவகிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்கு செத்த கார்ப்பரேட்டர் மெக்கானிக்க நம்பி எவன்டா வண்டி விடுவான்?

சோலை: வேன் எரிஞ்சது கொரோனாவுக்கு அப்புறம்தானண்ணே.

அழகுபாண்டி: அந்த நோட்டக் குடு.

சோலை: எதுக்கு?

அழகுபாண்டி: குடுடா. ...இதென்ன, முதல் பக்கத்துல ஒத்த வரிதான் இருக்கு?

சோலை: அன்னைக்குத் தேதி. சிவனாண்டி அய்யா வேன், ஹோஸ் கிளிப். அதுக்கு நேரே டிக் போடக் கை வரல, கோடு போட்டு அடிக்கவும் மனசு வரல. கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.

அழகுபாண்டி: பேனா.

சோலை: வாயாலயே சொல்லுங்களேண்ணே. எனக்கு அது போதும்.

அழகுபாண்டி: வாயில வரமாட்டேங்குது. இரு... என் கையெழுத்து உனக்குப் புரியுமுல்ல? இந்தா. சத்தமாப் படி. பரவைக்குப் போயி சிவனாண்டி முன்னாடியும் இதத்தான் படிக்கணும். நானும் வாரேன்.

சோலை: 'கிளிப்பை சோலை இறுக்கிவிட்டான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் பெட்ரோல் பில்டர் மாற்ற அதைக் கழற்றியது நான். திரும்ப மாட்டிவிட்டு, கசிகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. வண்டியை எடுத்துப் போகச் சொன்னேன். அழகுபாண்டி.'