கண்டல்வெளி ஸ்ரேசனின் பெயர்ப்பலகை

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் திருமதி மிரியம் அவர்களே, மாலையிட்ட படத்தின் அருகே அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் குணலட்சுமி அக்கா அவர்களே, மண்டபத்துக்கு வெளியிலும் நிற்கும் கண்டல்வெளி மக்களே, வணக்கம்.

அமரர் பஞ்சலிங்கம் அவர்கள்! எங்கள் ஸ்ரேசன் மாஸ்டர்! இந்த ஊரில் ஸ்ரேசன் இருந்ததா என்று யார் கேட்டாலும் அவரைக் கைகாட்டினோம். இனி யாரைக் காட்டுவது?

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை ரயில்வே அதிகாரிகள் வருகிறார்கள். பழைய கோப்புகள் போரில் எரிந்துவிட்டன. இங்கே நிலையம் இருந்ததற்கு அத்தாட்சி காட்டினால் வண்டி நிற்பதைப் பற்றி யோசிப்போம், இல்லாவிட்டால் மிஞ்சிய சுவர்களை இடிப்போம் என்கிறது கடிதம். அந்த நாளுக்கென்று மாஸ்டர் தன் வெள்ளைக் கோட்டைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார். அதைப் போட்டுத்தான் போன கிழமை அவரை அனுப்பி வைத்தோம். நான் இன்று பேச எழுந்தது, சபையோரே, துக்கத்தினால் மட்டும் அல்ல.

தொண்ணூறாம் ஆண்டு வண்டி நின்றது. ஷெல் விழத் தொடங்கியது. பங்கர் வெட்டினோம், மேலே போட மரம் இல்லை. தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைக் கழற்ற அலவாங்குக் கம்பிகளோடு போனோம். மாஸ்டர் ஸ்ரேசன் மேடையில் நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தோம். என்ன சொன்னார் தெரியுமா?

"பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு முதல் குடுங்கோ. மற்ற ஆக்கள் பிறகு எடுக்கலாம்."

அரசாங்கச் சொத்து! வேலை போயிருக்கும்! ஆனாலும் ஒவ்வொரு கட்டைக்கும் தானே ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு கதவுகள் போயின, பயணிகள் அமரும் வாங்குகள் போயின, கூரை மரமும் போனது. ஸ்ரேசனுக்கு என்ன நடந்தது என்று இளைய பிள்ளைகள் கேட்கிறீர்களே, இதுதான் நடந்தது. அது எங்கள் தலைகளுக்கு மேலே கிடந்தது. அதனால் உயிர் தப்பாத குடும்பம் இந்த மண்டபத்தில் எத்தனை?

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஊரின்ரை பேர்ப்பலகையை மட்டும் விடுங்கோ. திரும்பக் கோச்சி வரேக்கை எங்கை நிக்கிறதெண்டு தெரிய வேணுமெல்லே."

சில மாதங்களில் அதுவும் காணாமற்போனது.

தண்டவாளம் திரும்ப வந்தது. வண்டியும் வந்தது, எங்களைத் தாண்டிப் போகிறது. ஸ்ரேசனை மீட்கச் சங்கம் தொடங்கி என்னைத் தலைவராக்கினீர்கள். பெயர்ப்பலகை யாரிடமாவது இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டேன். மாஸ்டரும் கூட வந்தார். ஒரு நாள் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், என் ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாக நின்ற தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தலைவர், உந்தத் தகட்டைத் திருப்பிப் போடாதேங்கோ. உள்பக்கம் வெயில் படாமல் இருக்கட்டும்."

அவ்வளவுதான். உடனே மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஒன்பது வருடம்! ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அக்கா, உங்களிடமும் சொல்லவில்லையா?

ஓம், சபையோரே. பெயர்ப்பலகையை நான்தான் எடுத்தேன். கட்டை பங்கிட்டபோது எனக்குப் பிள்ளை இல்லை. மகள் தர்சிகா பிறந்தபோது கட்டை இல்லை. அந்த இரும்புத் தகட்டைக் கழற்றி வந்து பங்கரை மூடி, மேலே மண் மூட்டை அடுக்கினேன். போர் முடிந்ததும் அதையே எழுத்து உள்பக்கமாக ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாக வைத்தேன். எடுத்ததற்கு வெட்கப்படவில்லை. மாஸ்டர் கண்மூடும்வரை வாய் திறக்காமல் இருந்தேனே, அதற்கு வெட்கப்படுகிறேன். நானே சொல்வேன் என்றுதானே அந்த மனிதர் காத்திருந்தார்!

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று இப்படியான கூட்டங்களில் சொல்வார்கள். நான் இன்னும் தொடங்கவே இல்லை. இன்று தொடங்குகிறேன். திங்கட்கிழமை அந்தப் பலகையோடு ஸ்ரேசன் மேடையில் நிற்பேன். யார் எடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்வேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும்.

ஆனால் எழுத்து இருக்குமா? இத்தனை வருடம் ஆடுகள் அதில் முதுகு உரசியிருக்கின்றன. நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் நாலு பேர் என்னோடு வாருங்கள், நல்ல பாரம். குணலட்சுமி அக்கா, நீங்களும் வர வேண்டும். பலகையைத் திருப்பும்போது முதலில் நீங்கள் பாருங்கள். எனக்குத் துணிவில்லை.