சிந்தாமணி அம்மாளும் மண்டபத்துச் சாவியும்

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கித் தந்த சபைச் செயலாளர் திரு. பாலசுந்தரம் அவர்களே, கமிட்டிப் பெரியோர்களே, அரியலூர் நல்லுள்ளங்களே! மண்டபத்துக்குள் இடமில்லை என்று கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, ஸ்பீக்கர் வழியாக நம் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அமாவாசை, பாப்பாயி முதலான பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் அய்யம்பெருமாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்தச் சபையின் உறுப்பினன் அல்லன். சிந்தாமணி அம்மாள் ஒன்பது வருடத்துக்கு முன், 1996இல், இந்த மண்டபத்துப் பின்கட்டில் கஞ்சி காய்ச்சத் தொடங்கிய நாளிலிருந்து வெங்காயம் உரித்தவன். ஆகவே என் கண்ணில் நீர் வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம்.

யாருக்காகக் காய்ச்சினார் அம்மா? சுண்ணாம்புக்கல் தூசியில் நெஞ்சு கெட்டவர்களுக்கு. இருமியே வேலையை இழந்தவர்களுக்கு. தினம் எழுபது பேர். மதம் கேட்டாரா? சாதி கேட்டாரா? ஒன்றுதான் கேட்பார்: "ஊறுகாயா, தொவையலாங்க?" அம்மா போய்ப் பதினோரு நாள். பதினோரு நாளாக அடுப்பு எரியவில்லை. நாளை எரியுமா? வெளியே நிற்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள்.

அந்த அடுப்புக்கு அரிசி தந்தது அறுப்பின் பண்டிகை ஏலம். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: சபையார் காணிக்கையாக வைத்த காய்கனிகள் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். ஓர் எலுமிச்சம்பழம் முந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுப்பவருக்கு எலுமிச்சை தேவையில்லை. மைக்கில் பெயர் வந்தால் போதும். வந்த தொகை கஞ்சிக்கு.

சென்ற ஆண்டு முதலில் வந்தது ஒரு பூசணிக்காய். முதல் பொருளைச் செயலாளர் அவர்கள் கேட்பதும், மற்றவர்கள் மரியாதையாக வாயை மூடிக்கொள்வதும் வழக்கம். அவர் "ஐந்நூறு" என்றார். பின்வரிசையில் கரண்டியோடு நின்ற அம்மா, "அறுநூறுங்க!" என்றார்.

அவரிடம் அன்று பஸ்ஸுக்கு எட்டு ரூபாய் இருந்தது. "ஏங்க, ஏலம் உங்க மேல நின்னுட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று காதருகே கேட்டேன்.

"நிக்காதுங்க. கரண்டி புடிக்கிறவகிட்ட தோத்துட்டு அவரு வூட்டுக்குப் போயிடுவாரா?"

போகவில்லை. நாலாயிரத்தில் அம்மா கைகூப்பி, "அண்ணனே எடுத்துக்கட்டும். எனக்கு எதுக்குங்க இத்தாம் பெரிய பூசணிக்கா!" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஐந்து மூட்டை அரிசி வந்தது. செயலாளர் அவர்களும் சிரித்தார். அவர் பல்லை மட்டும் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஏலம் முடிந்த பதினெட்டாம் நாள் கமிட்டி கூடியது. தீர்மானத்தை வாசிக்கிறேன்: "மண்டபத்தின் தூய்மை கருதி, கஞ்சி ஊழியத்தை மதிலுக்கு வெளியே மாற்றுவது, சிந்தாமணி அம்மாளுக்கு ஓய்வு அளிப்பது." என்ன கருணை! எழுபது பேரின் இருமலிலிருந்து ஒரு சுவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! அன்றே பின்கட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. அம்மா ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கு வெளியே மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். பதிமூன்று மாதம்! சித்திரை வெயிலிலும் அங்கேதான். இந்த ஐப்பசி மழையிலும் அங்கேதான்.

ஒன்பது நாள் மழை விடவில்லை. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு கஞ்சி ஊற்றினார் அம்மா. பாப்பாயி வாட்ச்மேனிடம் போய், "அய்யா, மழ வுடற மட்டும் அம்மாவ உள்ள நிக்க வுடுங்கய்யா" என்று கெஞ்சினார். "சாவி செயலாளர்கிட்ட இருக்கு, போ" என்றார் அவர். பத்தாம் நாள் காய்ச்சல். அடுத்த வாரம் அடக்கம். டாக்டர் நிமோனியா என்று எழுதினார். பாவம், அவருக்குப் பூட்டைப் பற்றித் தெரியாது.

இன்று எனக்கு முன் ஏழு பேர் பேசினீர்கள். ஏழு பேரும் அம்மாவின் பணியைத் தொடர்வதாக உறுதி தந்தீர்கள். செயலாளர் அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா பிடித்த கரண்டியை நான் பிடிப்பேன்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு எழுதிக்கொண்டேன். முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவன். தேதி போடாமல் எதையும் விடமாட்டேன்.

ஏழு பேர், வாரத்துக்கு ஏழு நாள்! திங்கட்கிழமை, அதாவது நாளை, செயலாளர் அவர்கள். ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், ஆயர் அவர்கள். நடுவில் மற்றவர்கள். பட்டியலைக் கேட்டில் ஒட்டியாயிற்று. வெளியே நிற்பவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டேன். உங்கள் வீடுகளையும் காட்டிவிட்டேன். எவர் முறையன்று அடுப்பு எரியவில்லையோ, அவர் வாசலுக்கு எழுபது பேரும் தட்டோடு வருவார்கள். வாழைமரம் கட்டி வரவேற்க வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

அடுத்து மௌன அஞ்சலி. அமாவாசை என்னிடம் சொன்னார்: "ரெண்டு நிமிசம் சத்தமில்லாம நிக்கணுமாமே சார். எங்களால முடியாது, இருமல் வந்துடும்." வரட்டும். அம்மா ஒன்பது வருடம் கேட்ட சத்தம்தான் அது.

புதுப் பூட்டின் சாவி செயலாளர் அவர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மாவின் படம் மேசையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கடி தூரம். அந்தச் சாவி இந்தப் படத்துக்கு முன்னால் வரும்வரை நம் அஞ்சலி நீடிக்கும். நாங்கள் எவரும் உட்கார மாட்டோம்.

என் ஐந்து நிமிடம் முடிந்தது. இனி செயலாளர் அவர்களின் நேரம்.

எழுந்து நில்லுங்கள்.