குளிரறைக் கதவு

கதவுகளுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், முனகாது. மனிதர்கள் விஷயத்தில் அந்த வசதி இல்லை.

பல்கலைக்கழக ஆய்வு வளாகத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளன் நான். விருந்தாளி நடக்கிற வழியில் கண்ணில் படுவதை மட்டும் சரிசெய்வது என் முறை. ஓடாத லிஃப்ட் முன்னால் பூந்தொட்டி. ஒழுகும் கூரைக்கு அடியில் வரவேற்புப் பலகை. துணைவேந்தர் என்னைச் செயல்வீரர் என்று மேடையிலேயே சொன்னார்.

ஆய்வு மாதிரிகளை உறையவைக்கும் குளிரறையில் உள்பக்கக் கைப்பிடி கழன்றிருந்தது. எங்கள் எலக்ட்ரீஷியன் என் மனைவியின் தம்பி.

"மாமா, உள்ள யாராவது மாட்டிக்கிட்டா விறைச்சுப் போயிடுவாங்க. முதல்ல கைப்பிடியை மாத்துவோம்."

"எந்த விருந்தாளி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கப் போறான்? வெளிப்பக்கம் பெயிண்ட் அடி மாப்பிள்ளை."

"பொணத்துக்குப் பவுடர் பூசுற வேலை" என்று முணுமுணுத்தபடியே அடித்தான். நீலம் எடுப்பாக வந்தது.

தரச்சான்றுக் குழுவை அந்தத் தாழ்வாரம் வழியாக அழைத்து வந்தபோது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மாதிரி எடுக்கப் போன ஆய்வாளர். குழுத் தலைவர் நின்றார்.

"என்ன சத்தம்?"

"கம்ப்ரசர் ஐயா. புதுசு, கொஞ்சம் துடிப்பா ஓடுது."

அப்போதே திறந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் கைப்பிடியில்லாத கதவைக் குழுவே பார்த்திருக்கும். சான்று போயிருக்கும். ஒருவருடைய நடுக்கம் எங்கே, ஒரு நிறுவனத்தின் மானம் எங்கே?

அவர்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல. கதவின் ரப்பர் விளிம்பில் வாயை வைத்துப் பேசினேன்.

"சார், கொஞ்சம் மெதுவா தட்டுங்க. அவங்க கிளம்பினதும் திறந்துடறேன்."

"கை மரத்துப் போச்சுங்க. இப்பவே திறங்க."

"ஆராய்ச்சின்னா பொறுமை வேணும் சார்."

தாழ்வார வாசலில் 'பராமரிப்புப் பணி' என்ற பலகையை நிறுத்தினேன். அதை வைத்துவிட்டால் எங்கள் வளாகத்தில் எவரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

பிறகு குழுவுக்குத் தோட்டம் சுற்றிக் காட்டினேன். பாராட்டுரை நீண்டது, நடுவே என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் நழுவி வந்து கதவில் காதை வைத்தேன். தட்டல் மெலிந்திருந்தது. வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும் கதவுதான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். தட்டல் நின்றது.

சொன்னால் புரிந்துகொள்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டு, குழுப் புகைப்படத்துக்குப் போனேன்.