துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு காமெலியா

மலர்க் கண்காட்சிக்கு மாண்புடன் தலைமை ஏற்றிருக்கும் கமலநாதன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து எங்களை முறைப்படுத்தும் பெரியோர்களே, கிள்ளானிலிருந்து பூந்தொட்டியை மடியில் ஏந்தி ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்திருக்கும் தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

கல்லூரியில் இருபத்தாறு ஆண்டு தாவரவியல் நடத்தியவன் என்பதால் என்னை நடுவராக்கினீர்கள். காமெலியாப் பூக்களுக்கான பிரிவின் பரிசை வழங்கவும் அழைத்தீர்கள். பரிசு இதோ இருக்கிறது. நான் வழங்க மாட்டேன்.

செமினியில் வசிக்கும் தனலெட்சுமி அக்கா இன்று காலை ஒரு செடி கொண்டு வந்தார். வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து, தலை கவிழ்ந்து மலர்ந்த பூ. அந்தச் செடி இப்போது எங்கே? கை கழுவும் இடத்தில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் ஓர் அட்டை தொங்குகிறது: ‘தேயிலை. காமெலியா அல்ல. போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.’

என்ன சொல்கிறீர்கள், பின்னால் இருப்பவரே? “அது டீ செடிதானே லா, சார்” என்கிறீர்களா? ஆமாம் ஐயா, டீ செடிதான். டீ செடி காமெலியா இல்லாமல் வேறென்ன? இரண்டும் ஒரே பேரினம். அது மட்டுமா? காமெலியாக்கள் எல்லாம் அடங்கிய குடும்பத்துக்குத் தாவரவியல் சூட்டிய பெயரே தேயிலைக் குடும்பம். வீட்டுக்காரியை வாசலில் நிறுத்தி ‘நீ யார்’ என்று கேட்டிருக்கிறோம்.

பரிசுக்குத் தேர்வாகி மேசைமேல் வீற்றிருக்கும் சிவப்புக் காமெலியா அழகுதான், மறுக்கவில்லை. அந்த அடுக்கு இதழ்கள் எப்படி வந்தன? மகரந்தத் தாள்களே இதழாகத் திரிந்ததால் வந்தன. தேனீ வந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். குளிர்மலையில் வளர்ந்த செடி அது. நம் வெயிலில் வைத்தால் மொட்டுகளைக் கொட்டிவிடும். வெயிலில் நின்று பூத்ததோ வெளியே நிற்கிறது.

அக்காவிடம் போய்ப் பேசினேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. “பதினாலு வருஷம் கொழுந்து எடுத்தேன் சார். மொட்டு வச்சா கிள்ளிப் போட்டுருவோம். பூ விட்டா கொழுந்து கொறையும்னு வேலையை மேற்பார்வை பாக்குற மண்டோர் ஏசுவாரு. ஒரு செடியையாவது பூக்க விடணும்னு ஆசை, அவ்ளோதான்,” என்றார்.

கொழுந்து கிள்ளிய கை, கொப்பளம் கண்ட கை, மொட்டைக் கிள்ளி எறிந்தே பழகிய கை, அறுபது வயதில் ஒரு பூவை விட்டுவைத்தது. அதையும் நாம் விட்டுவைத்தோமா? தோட்டத்து மக்களின் பிள்ளைகள் நாம். தேயிலை என்றதும் அது வேலைக்காரச் செடி, அலங்கார மேசைக்கு ஆகாது என்று நினைத்தோமே, யார் சொல்லிக் கொடுத்தது நமக்கு?

அந்த அட்டையில் மூன்று நடுவர்களின் கையொப்பம் இருக்கிறது. மூன்றாவது என்னுடையது. வாசித்துப் பார்க்காமலே போட்டேன், கையில் இருந்த தேநீர் ஆறிவிடுமே என்ற அவசரத்தில்.

தனலெட்சுமி அக்கா, இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். செடியை நானே தூக்கி வந்து இந்த மேசையில் வைக்கிறேன். அதன் பிறகு நடுவர்கள் மறுபடியும் பார்க்கட்டும், தலைவரே. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள்.