எக்ஸ்ரேயில் வெட்டிய தாமரை

"உன் நெஞ்சுல இன்னாய்யா தாமரப்பூ கீது?" என்று முன் சீட்டுப் பெண் கேட்டாள்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் காலைப் பஸ். அவள் பக்கத்தில் சிலை செதுக்கும் புருசன் இருமிக்கொண்டே வந்தார். அடுத்தவர் பேச்சில் தலை நீட்டுகிறவள் இல்லை நான். போன வருசம் எடுத்த அவருடைய எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பிடித்திருந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே இதழ் இதழாக ஓட்டை. அதன் வழியே ஏரித் தண்ணீரும் கொக்கும் மெதுவாகப் போயின.

"சிலைப் பீடத்துல தாமர வரையறதுக்கு அச்சு வெட்னேன். அட்டன்னா ஊறிப்பூடுது. படம்னா தண்ணி பட்டாலும் நிக்கிது."

"வெட்ன துண்டு?"

"பட்டறையிலதான் கீது."

"டாக்டரு பழைய படம் கேட்டாரேய்யா. இப்ப தெரியற புள்ளி அப்பவே இருந்திச்சா, வளருதான்னு பாக்கணுமாம். சின்னதா இருக்கச்சொல்லவே புத்துநோயின்னு தெரிஞ்சா அறுத்து எடுத்துடலாமாம்."

"நான்தான் பீடிய வுட்டுட்டனே."

"கல்லுத் தூசிய வுட்டியா?"

அவர் சிரித்தார். "புதுசா ஒரு படம் எடுத்தா ஆச்சி."

"புதுசு எடுக்கலாம். போன வருசத்து நெஞ்ச எங்க போயி எடுப்ப?"

அவர் படத்தை வாங்கி உறைக்குள் செருகினார். திருக்கழுக்குன்றத்தில் அவள் இறங்கினாள்.

"நீ போயி ஆஸ்பத்திரி வரிசையில நில்லு. நான் அந்த எதழுங்கள எடுத்தாறேன்."

எங்கள் பஸ் கிளம்பியது. மாமல்லபுரம் திரும்பும் பஸ்ஸை அவள் கைகாட்டி நிறுத்துவது தெரிந்தது. அவர் இருமலை அடக்கிக்கொண்டு, அவள் ஏறும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.