கறுப்புத் திரையில் தமிழ்

கொம்பியூட்டர் திருத்துகிறவனிடம் ஆட்கள் வைத்தியரிடம் வருவதுபோலத்தான் வருவார்கள். முதலில் மவுஸ் சரியில்லை என்பார்கள். தேத்தண்ணி ஆறிய பிறகுதான் உண்மையான நோவு வெளியே வரும். வெள்ளவத்தையில் கல்யாண அட்டையும் செத்தவர்களுக்கு அடிக்கும் நினைவுப் புத்தகமான அந்தியேட்டிக் கல்வெட்டும் தமிழில் அடித்துக் கொடுத்து, இடையிடையே கொம்பியூட்டரும் திருத்திய எனக்கு இது பழகிப்போன விஷயம்.

மேல்மாடிச் சிவபாலனும் அப்படித்தான் வந்தான். இரண்டாயிரத்து எட்டு, சுற்றிவளைப்புகள் மும்முரமாக நடந்த மாதம்.

"அண்ணை, தம்பியின்ர படங்கள் கொஞ்சம் கிடக்கு. அழிக்க மனம் வரேல்லை" என்றான். தம்பி வன்னியில் இருந்தான். எந்த உடுப்போடு நின்று எடுத்த படம் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வழி இருந்தது. கோப்புறையை மறைக்கலாம், அதைச் சின்னப்பிள்ளையும் கண்டுபிடிக்கும். படங்களை மட்டும் ஒரு கோப்புக்குள் பூட்டி, அதற்கு ஏதாவது பாட்டின் பெயரை வைக்கலாம். யார் கண்ணிலும் படாது. அல்லது முழு ஹாட் டிஸ்கையும் பூட்டலாம். சுவிச்சைப் போட்டதும் கறுப்புத் திரை வந்து கடவுச்சொல் கேட்கும். அவனுக்கு இரண்டாவதே போதும். நான் மூன்றாவதைப் போட்டேன். செய்வன திருந்தச் செய் என்பார்களே. அந்த நாளில் பூட்டின கதவைத்தான் முதலில் உடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

கடவுச்சொல்லும் என் யோசனைதான். அவனுடைய அப்பாவின் பெயரையும் ஊர்க்கோயிலின் பெயரையும் சேர்த்து, பாமினி எழுத்துருவில் அடிப்பதுபோலவே அடிக்கச் சொன்னேன். விரல் தமிழ் அடிக்கும். உள்ளே போவது தலைகால் இல்லாத ஆங்கில எழுத்துகள். "நல்ல மூளை அண்ணை உங்களுக்கு" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் பொலிஸ்காரர் வந்து கொம்பியூட்டரையும் அவனையும் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை என்னையும் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். சிவபாலன் வாங்கில் இருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கடவுச்சொல்லை அவன் முதலிலேயே சொல்லிவிட்டான். அவர்கள் அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அடித்தார்கள், திறக்கவில்லை. தமிழ் அடிப்பதுபோல அடிக்கவேண்டும் என்று அவன் சொன்னதை நம்பவில்லை. கீபோட்டைத் தொடவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவான் என்று அவர்களுக்குப் பயம். கீழ்வீட்டில் தமிழ் அடிக்கிறவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றிருக்கிறான். பூட்டியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். "மேக்கே தெமள கஹன்ன புளுவன்த?" இந்தத் திரையில் தமிழ் அடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"பே, சேர்" என்றேன். முடியாது.

யோசித்துப் பாருங்கள். ஓம் என்றால், உனக்கு எப்படித் தெரியும், வேறு யார் யார் வீட்டில் பூட்டினாய் என்று வரும். எனக்கும் குடும்பம் இருந்தது. திறந்தால் தம்பியின் படம் அவனுக்கும் கேடுதானே. சிவபாலன் என்னை ஒருமுறை பார்த்தான். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

அவன் மனுசி பாலேஸ்வரி ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதம் எல்லாம் நான்தான் அடித்துக் கொடுத்தேன், ஒரு சதமும் வாங்காமல். இப்போதும் மாடிப்படியில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டால் என் விரல்கள் தாமாகவே அந்த இரண்டு பெயரையும் மேசையில் அடிக்கின்றன. பயமாக இருக்கிறது.

எட்டு மாதம் கழித்துக் கொம்பியூட்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாலேஸ்வரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணை, எங்கட கலியாணப் படமெல்லாம் இதுக்குள்ளதான். அவற்ற முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்."

வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் போனதும் அடித்தேன். முதல் தரமே திறந்தது. கல்யாணம், மகளின் முதலாவது பிறந்தநாள், காலிமுகத்திடலில் மூவரும். 'தம்பி' என்ற கோப்புறை வெறுமையாக இருந்தது. திகதியைப் பார்த்தால், நான் பூட்டிக் கொடுத்த மூன்றாம் நாளே தம்பியின் படங்களை அழித்திருக்கிறான். அன்றைக்குப் பொலிசில் நான் திறந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்திருப்பான்.

பின்னேரம் பாலேஸ்வரி வந்தாள். "டிஸ்க் பழுது பிள்ளை, ஒண்டும் மிஞ்சேல்லை" என்றேன். அப்போது அதில் உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. அவள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

படங்களைக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால், என்னால் திறக்கக்கூடிய பூட்டு அது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பாவம், அந்தப் பிள்ளை தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் நான் எல்லாவற்றையும் அழித்தேன்.